லீஜூவுக்கு மட்டும் கேட்ட சத்தம்

மதியச் சாப்பாட்டுக் கிண்ணங்களை லீஜூ கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் அவள் புருஷன் குவோதோங் கம்ப்யூட்டரைப் போட்டான். கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனாலும் லீஜூவுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் விசிறிகள் விடும் ஒரு பெருமூச்சு, அப்புறம் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சின்னக் களகளப்பு, அதற்கும் அப்புறம் அது. கண்ணாடிமேல் ஊசியை வைத்து யாரோ விடாமல் இழுப்பதுபோல ஒரு கீச்சல். அவள் தொட்டிக் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலேயும் அது கேட்டது. 'வெளியில சத்தம் இல்ல, எல்லாம் என் தலைக்குள்ளதான்' என்று டாக்டர் சொல்லிக்கொடுத்ததை மனசுக்குள் சொல்லிக்கொண்டே கடைசிக் கிண்ணத்தையும் கழுவி முடித்தாள்.

அந்தக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்து சூடு தணிக்கிற வகை. விசிறி இரைச்சல் மைக்கில் ஏறக்கூடாது, அறை மயானம்போல இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கினான். தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஒலி சேர்ப்பதுதான் அவன் தொழில். கதை சொல்லும் குரலை அந்த அறையிலேயே பதிவு செய்வான். வசனம், இசை, மழை, செருப்புச் சத்தம் எல்லாவற்றையும் அங்கேயே அளந்து கலப்பான். தைப்பேயில் சேனல்காரர்கள் மத்தியில் ஜுவாங் மாஸ்டர் என்றுதான் அவனுக்குப் பேர்; அவன் காது என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. நாற்பது பேர் வாசிக்கும் இடத்தில் ஒருத்தனுடைய தந்தி தளர்ந்திருப்பதைப் பிடித்துக் காட்டியவன். திரையில் கோடு கோடாக ஓடும் ஒலிப் படத்தைப் பார்த்து வேலை செய்கிற இளவட்டங்களை அவனுக்குக் கண்டாலே ஆகாது. "சத்தத்தைக் கண்ணால பாக்கிறவன் சோத்தை மூக்கால தின்னட்டும்" என்பான்.

அப்பேர்ப்பட்டவனிடம்தான் லீஜூ புதுவருஷம் கழிந்த கையோடு போய்ச் சொன்னாள். "உன் ரூம்ல என்னமோ கீச்சுன்னு கத்துது. என்னன்னு கொஞ்சம் பாரேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். சத்தம் அவள் மண்டையைத் துளைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவன் கண்ணைத் திறந்து, "ஒண்ணும் இல்ல" என்றான். "எனக்குக் கேக்காத சத்தம் இந்த வீட்டுல உனக்கு எப்படிக் கேக்கும்?"

அதற்கு மேல் அப்பீல் ஏது? மறுபடி மறுபடி சொன்னாள். கெஞ்சிச் சொன்னாள், சண்டை போட்டுச் சொன்னாள். ஒரு நாள் அவனே காது டாக்டரிடம் கூட்டிப்போனான். காதில் கோளாறு இல்லை, நரம்புத் தளர்ச்சி, மாதவிலக்கு நிற்கிற வயசில் சில பெண்களுக்கு இப்படி இரைச்சல் வரும் என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். மாத்திரை போட்டும் சத்தம் போகவில்லை. இவள்தான் எங்கோ போனாள். காலையில் எழுந்தால் கை கால் எல்லாம் ஈரத் துணியாகக் கனத்தது. கூடத்தில் மெஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். சந்தைத் தெருவில் பாதிப் பேருடைய கால்சட்டை நீளம் அவளுக்கு மனப்பாடம். மாத்திரைக் கலக்கத்தில் ஒரு கல்யாணப் பெண்ணின் சிவப்புப் பட்டுத் துணியைக் குறுக்கே வெட்டிவிட்டாள். அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் நின்று நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி பேசிவிட்டுப் போனாள். அன்றைக்கு உறை போட்டு மூடிய தையல் மெஷினை லீஜூ அப்புறம் திறக்கவே இல்லை.

குவோதோங்கின் அக்கா வேறு. தம்பி பெண்டாட்டிக்கு ஏதோ பயம் தட்டி உயிரில் ஒரு துண்டு கழன்று எங்கேயோ நிற்கிறது என்று அவளுடைய கட்சி. கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நீல அங்கி போட்ட கிழவி, குவோதோங் மடித்து நீட்டிய லீஜூவின் சட்டையில் அரிசியைக் கட்டி, ஊதுபத்தியை நெற்றிக்கும் முதுகுக்கும் காட்டி, பேரும் பிறந்த நாழிகையும் விலாசமும் சொல்லி உயிரைத் திரும்பக் கூப்பிட்டாள். "வீட்டுக்கு வா, லீஜூ, வீட்டுக்கு வா." வீட்டில்தானே அம்மா அந்தச் சத்தமே இருக்கிறது என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அதே அக்காதான் கம்ப்யூட்டருக்கும் வைத்தியம் பார்த்தாள். அது இரண்டு தடவை நடுவேலையில் உறைந்து நின்றதாக குவோதோங் சொன்னதும், மறுநாளே பச்சைப் பொட்டலங்களோடு வந்து நின்றாள். தேங்காய் மணக்கும் சோளப்பொரி. மெஷின் மக்கர் பண்ணாமல் இருக்க வங்கியில் பணம் கொடுக்கும் மெஷின்மேலும் ஆஸ்பத்திரியில் இதயத்தை அளக்கிற மெஷின்மேலும் இருக்கிறதே, அதேதான். பச்சையாகத்தான் இருக்கவேண்டும், மஞ்சள் வைத்தால் மெஷின் படுத்துவிடும். தேதி கடப்பதற்குள் மாற்றவேண்டும், மறந்தும் பிரித்துத் தின்னக்கூடாது. மற்றவர்கள் ஒன்று வைப்பார்கள். அக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. நாலு பொட்டலத்தைக் கம்ப்யூட்டரின் தலையில் வரிசையாகப் பரப்பி, வழுக்கி விழாமல் இருக்க நாடா போட்டு ஒட்டினாள். அதற்குப் பிறகு சத்தம் இன்னும் கூர்மையாகிவிட்டதாக லீஜூவுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு மாத்திரை கூடும்.

எல்லாவற்றிலும் கொடுமை இதுதான்: அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். மீன் கடையில் நிற்கும்போதுகூட அந்தச் சத்தம் கேட்பதுபோல இருந்தது. தன் அம்மா கடைசிக் காலத்தில் இல்லாத பூனைக்குச் சோறு வைத்தது ஞாபகத்துக்கு வந்தது. நானும் அப்படித்தான் ஆகப்போகிறேன், நாள்தான் தெரியவில்லை என்று அவள் மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம், கிண்ணங்களைக் கழுவி முடித்த கையோடு, வாசல் மணி அடித்தது. தொடரின் தயாரிப்பாளர் பான், மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்றாள். நாற்பது வயசு, படபடவென்று பேசுகிறவள். எப்போது வந்தாலும் மாஸ்டருக்கும் அண்ணிக்கும் பால்டீ வாங்கிவருவாள். அன்றைக்குக் கை வெறுங்கையாக இருந்தது.

"மாஸ்டர், ஏழாவது எபிசோடை சேனல்ல திருப்பிட்டாங்க" என்றாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"ஏன்? சத்தம் பத்தலையாமா?" என்று குவோதோங் அறை வாசலில் வந்து நின்றான்.

"ஜாஸ்தியாம். கதை சொல்ற குரலுக்கு அடியில விசில் அடிக்குதாம். 'ச'ன்னு வர்ற எடமெல்லாம் ஆணி அடிக்கிற மாதிரி இருக்காம்."

"நேத்து வேலைக்கு வந்த பசங்க. மொதல்ல நல்ல ஹெட்ஃபோன் வாங்கச் சொல்லு."

பான் பதில் சொல்லாமல் அறைக்குள் காலை வைத்தாள். வைத்த காலை அப்படியே பின்னால் எடுத்தாள். கை தானாகக் காதுக்குப் போனது.

"என்ன மாஸ்டர் இது, இப்படிக் கத்துது?"

டீத் தட்டோடு பின்னால் வந்த லீஜூ அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "உனக்குக் கேக்குதா?" என்று கேட்டாள்.

"கேக்குதாவா? பல்லு கூசுது, அண்ணி. இதோட எப்படிக் குடித்தனம் பண்றீங்க?"

லீஜூ தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். எனக்குப் பைத்தியம் இல்லை. அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. சந்தோஷம் வந்து நெஞ்சை முட்டியது. பான் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது. அவள் குவோதோங்கைப் பார்த்தாள். அவன் பான் பக்கம் திரும்பி, "ஆமா, ரெண்டு நாளா கொஞ்சம் இருக்கு. நானே பாக்கணும்னு இருந்தேன்" என்றான்.

ரெண்டு நாளா. வந்த சந்தோஷம் வந்த வழியே இறங்கிப் போனது. அவன் மனைவி பக்கம் திரும்பவே இல்லை.

பானின் தம்பி இதே மாதிரி ஒன்று வைத்து விளையாடுகிறவனாம், அவன் கழற்றிமாட்டுவதைப் பார்த்துப் பார்த்து இவளுக்கும் கொஞ்சம் அத்துப்படியாம். கம்ப்யூட்டர்ப் பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிக் கதவைக் கழற்றினாள். சமையலறையிலிருந்து ஒரு சாப்ஸ்டிக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு விசிறியின் நடுவிலும் லேசாக வைத்து ஒரு கணம் நிறுத்திப் பார்த்தாள். கீச்சல் நிற்கவில்லை. "விசிறி இல்ல." பிறகு குச்சியின் ஒரு முனையை உள்ளே இருந்த வட்ட மூடிமேலும் மறு முனையைத் தன் காதுக் குருத்திலும் வைத்தாள். முகம் சுருங்கியது. "இதான். தண்ணியைத் தள்ற பம்பு. பாவம், உயிரைக் குடுத்து ஓடுது. ஏன் இப்படி ஓடுது?" என்று மேல்பக்கம் கையை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அடுப்பு மாதிரி கொதிக்குது. இதை யாரு இங்க வெச்சது?"

"அக்கா" என்றாள் லீஜூ.

"அண்ணி, சூடு வெளிய போற ஜன்னலே இதான். ஜன்னலை அடைச்சு நாடாவும் போட்டிருக்கீங்க. சூடு போகலைன்னா பம்பு என்ன பண்ணும், ஓடி ஓடிச் சாகும்."

நாலு பொட்டலமும் சூட்டில் உப்பித் தலையணை மாதிரி இருந்தன. பான் சட்டென்று பிய்த்துவிடவில்லை. அவளும் அந்த ஊர்க்காரிதானே. இரண்டு கையையும் சேர்த்து, "கோச்சுக்காதீங்க, கொஞ்சம் எறக்கி வெச்சுக்கிறேன்" என்று பொட்டலங்களிடம் சொல்லிவிட்டுத்தான் நாடாவை உரித்தாள். கொஞ்ச நேரத்தில் கீச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. ஐந்து மாசமாகப் புருவத்துக்கு நடுவே யாரோ திருகிக்கொண்டிருந்த திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்தியது போல இருந்தது லீஜூவுக்கு. தோள்கள் தாமாகவே கீழே இறங்கின.

"இன்னும் லேசா இருக்கு, இல்ல அண்ணி? உள்ள காத்து மாட்டியிருக்கும். சாய்ச்சுப் பாப்போம்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியைச் சாய்த்தார்கள். உள்ளே ஏதோ குபுக்கென்றது. அடுத்த கணம் கீச்சல் முன்னைவிட இரண்டு மடங்காக எகிறியது. பான் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். லீஜூவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஆ, இப்பப் போச்சு" என்றான் குவோதோங் பின்னாலிருந்து, திருப்தியாக.

பான் சிரித்துவிட்டாள். "காது கிழியுது, உங்களுக்குக் கிண்டல்."

லீஜூ சிரிக்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் சிரித்தான், ஒரு நொடி பிந்தி. பானின் வாயைப் பார்த்துப் பார்த்துத் தன் வாயை விரித்துக்கொண்டான். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு அந்த முகம் தெரியாதா? கிண்டல் பண்ணினவனுடைய முகம் இல்லை அது.

பெட்டியை நிமிர்த்தியதும் காற்றுக்குமிழி எங்கோ ஒதுங்கிக்கொண்டது. அறை அமைதியானது. பான் கையைத் துடைத்துக்கொண்டு மழைக்கோட்டை எடுத்தாள்.

"மாஸ்டர், ஒளிக்காமச் சொல்லிடறேன். ஜுவாங் மாஸ்டருக்குக் காது போயிடுச்சுன்னு சேனல்ல ஒருத்தன் பேசுறான். நான் அவனோட சண்டை போட்டேன். மெஷின் கோளாறுன்னு இப்பப் போய்ச் சொல்லிடுவேன். நீங்க குரலைச் சுத்தம் பண்ணி இன்னிக்குச் சாயங்காலமே அனுப்பிடுங்க. அதுவும் திரும்பி வந்துச்சுன்னா அடுத்த தொடர் வேற ஆளுக்குப் போயிடும். என் கையில எதுவும் இல்ல."

"அனுப்பிடறேன்" என்றான் அவன்.

பான் படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஜன்னல் கம்பிக் கூண்டுக்கு மேலிருந்த தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. லீஜூ காத்திருந்தாள். ஒரு வார்த்தை, நீ சொன்னது சரிதான் என்று ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்டுவிட்டால் மற்றதையெல்லாம் மறந்துவிடக்கூட அவள் தயாராக இருந்தாள்.

அவன் பெட்டிமேல் ஒட்டியிருந்த நாடாப் பிசினை நகத்தால் சுரண்டினான். "இப்பக் கேக்குதா?" என்றான்.

"உனக்குக் கேக்கலையா?"

"எனக்கு எப்பவுமே கேக்கல."

"அப்ப ரெண்டு நாளான்னு சொன்னியே?"

"அவ முன்னாடி வேற என்னத்தச் சொல்றது?" சுரண்டுவதை நிறுத்திவிட்டு, அவள் கேட்காததற்கும் பதில் சொன்னான். "உன்ன அந்த டாக்டர்கிட்ட கூட்டிப்போனேன்ல. நீ மருந்து வாங்க வரிசையில நின்னப்ப நானும் அந்தக் காது டெஸ்ட்ட எடுத்துக்கிட்டேன். மேல் சுருதி எதுவுமே ஏறல எனக்கு. திரும்ப வராதுன்னுட்டாரு."

லீஜூவுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிப்ரவரி மாசம் அது. மருந்துக் கடை வரிசையில் அவள் நின்ற அன்றைக்கே இவனுக்குத் தெரியும். முதல் மாத்திரையை விழுங்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் இவன். சிவப்புப் பட்டை அவள் வெட்டிய அன்றும் தெரியும். கோயிலில் கிழவி உயிரைக் கூப்பிட்டபோது, சட்டையை மடித்து நீட்டியவனுக்கும் தெரியும்.

"தெரிஞ்சேவா விட்டே?"

"வெளிய தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது, லீஜூ. காதை எடுத்துட்டா என்கிட்ட என்ன இருக்கு?"

"என்கிட்ட என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். அவளுக்குக் கத்தவேண்டும்போல இருந்தது, கையில் கிடைத்ததை எடுத்து அவன் திரைமேல் வீசவேண்டும்போல இருந்தது. ஆனால் மாத்திரை பழக்கிய உடம்பு. கோபம்கூட மெதுவாகத்தான் வந்தது.

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டான். ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினான். "நீ கேட்டுச் சொல்லு. இந்த ஒரு எபிசோடு மட்டும்."

"நான் சொன்னா நம்புவியா?"

"வேற யாரை நம்பச் சொல்றே?"

அவள் உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. இந்த வீடு அவளுடையதும்தானே, இவன் தொழில் போனால் போவது இவன் மட்டும் இல்லையே. காதில் ஒரு பெண் குரல் கதை சொல்லத் தொடங்கியது. துறைமுகத்தில் மகனை வழியனுப்ப வந்த தாய் ஒருத்தியின் கதை. நல்ல குரல். அதற்கு அடியில், அவளுடைய ஐந்து மாசத்தை அப்படியே பிடித்து வைத்தது மாதிரி, அந்தக் கீச்சல். "இருக்கு" என்றாள். அவன் மேல் சுருதியை வெட்டும் ஒரு குமிழைத் திருகினான். "இப்ப?" "இருக்கு. கொறையுது." இன்னும் திருகினான். கீச்சல் நூலாக மெலிந்து, மெலிந்து, போயே போய்விட்டது. குரல் மட்டும் சுத்தமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல நின்றது. அழகாக இருந்தது. லீஜூ நிஜமாகவே தலையாட்டினாள்.

"போயிடுச்சு. இப்ப நல்லா இருக்கு."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். புருவம் கொஞ்சம் ஏறியது. புதுவருஷத்தில் கண்ணை மூடித் திறந்து பார்த்தானே, அதே பார்வை.

"நெஜமாவா? மாத்திரைக் கலக்கத்துல சொல்லலியே?"

லீஜூ ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. காதில் அந்தத் தாய் படகைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள். கடல், காற்று, துல்லியமான ஒவ்வொரு சொல். கீச்சல் துளிகூட இல்லை.

"இரு" என்றாள். கொஞ்சம் தலையைச் சாய்த்தாள். "இருக்கு. இன்னும் இருக்கு."

அவன் திரையைப் பார்த்தான். "கோடு போயிடுச்சே."

"உன் கோடெல்லாம் எனக்குத் தெரியாது. கேக்குது."

அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு குமிழைத் திருகினான். குரலின் ஓரம் மழுங்கியது. "இப்ப?"

"இருக்கு."

இன்னும் திருகினான். 'ச'வெல்லாம் உதிர்ந்தது. கடற்காற்று அடங்கியது. அந்தப் பெண் கனத்த போர்வைக்கு அடியிலிருந்து பேசுகிறவளாகிவிட்டாள். மகனுடைய பேரைக் கூப்பிடுகிறாளா, மூக்கைச் சிந்துகிறாளா என்று தெரியவில்லை. குவோதோங்குக்கு எல்லாம் ஒன்றுதான். அவன் திரையை விட்டுவிட்டான். முன்னால் குனிந்து, வாயை லேசாகத் திறந்து, அவள் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் வேர்த்திருந்தது. இவ்வளவு கிட்டத்தில் இவன் என்னைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று லீஜூ நினைத்தாள்.

"போச்சா?" என்று கேட்டான், ரகசியம் பேசுகிறவன் மாதிரி.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். தூரத்தில், தண்ணீருக்கடியில், யாரோ ஒரு பெண் வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

குமிழ் திரும்பியது.